பின் இடது பூஸ்டரில் ஏர் லீக், டம்மி போட்டு லோடோடு தொப்பூர் இறங்கலாமா?

ஆறுவீல்_சங்ககிரி

அண்ணன்மாருக்கு வணக்கம். அவசரம், தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். வண்டி 2007 மாடல் ஆறு வீல், முழு ஏர் பிரேக், நானே ஓனர் நானே டிரைவர். தாவணகெரேயில் மக்காச்சோளம் ஏற்றி நாமக்கல் தீவன மில்லுக்கு வந்துகொண்டிருக்கிறேன். இப்போது கிருஷ்ணகிரி பைபாஸில் ஒரு பட்டறை வாசலில் வண்டி நிற்கிறது.

ஹேண்ட் பிரேக் எடுத்தவுடன் பின்பக்கம் அடியில் புஸ்ஸென்று காற்று போகிறது. ஹேண்ட் பிரேக்கைத் திரும்பப் போட்டால் சத்தம் அப்படியே நின்றுவிடுகிறது. ரேஸ் கொடுத்தால் கேஜ் எட்டு கிலோ வரை ஏறுகிறது, ஆனால் முன்பைவிட ரொம்ப நேரம் எடுக்கிறது. ஐடிலில் விட்டால் முள் மெல்ல இறங்கி ஐந்துக்குக் கீழே வந்து பஸ்ஸர் அடிக்கிறது, ஒருமுறை ஓசூர் சிக்னலில் பின் வீல் இழுத்துப் பிடித்துக்கொண்டு வண்டி நகரவே இல்லை.

வழியில் ஒரு பட்டறையில், பின் பிரேக்குக்குக் காற்றைத் திறந்துவிடும் ரிலே வால்வ் போய்விட்டது என்று புதிதாக மாற்றினார்கள். காசு போனதுதான் மிச்சம், சத்தம் அப்படியே இருக்கிறது, அந்த வால்வின் அடியிலிருந்துதான் வருகிறது. இங்கே உள்ளவர் பார்த்துவிட்டு இடது பூஸ்டர், அதாவது காற்றால் பிரேக்கைத் தள்ளும் டப்பா, போயிருக்கிறது, பின்னாடி போல்ட்டைத் திருகி ஸ்பிரிங்கை லாக் செய்து, ஹோஸ் வாயை நட்டால் அடைத்து டம்மி போட்டுத் தருகிறேன், லோடு இறக்கிவிட்டு ஊரில் மாற்றிக்கொள் என்கிறார். வலது பக்கத்தையும் சேர்த்து லாக் செய்துவிட்டால் ஒரு பக்கம் இழுக்காது என்றும் சொல்கிறார்.

மில்லிலிருந்து போன் மேல் போன். நடுவில் தொப்பூர் கணவாய் இறக்கம் இருக்கிறது, அதுதான் யோசனை. டம்மியோடு போகலாமா? ரிலே வால்வ் மாற்றியும் ஏன் நிற்கவில்லை? பூஸ்டர் மாற்றுவதென்றால் ஒன்றா, இரண்டுமா, ரீகண்டிஷன் பீஸ் போடலாமா?

ஏர்பிரேக்_பட்டறை

தம்பி, லோடோடு வண்டியை நகர்த்த வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பின் வீலில் இருக்கும் பூஸ்டருக்குள் இரண்டு அறை உண்டு. முன் அறை கால் பிரேக்குக்கு, பெடல் மிதித்தால் அங்கே காற்று போய் ராடைத் தள்ளும். பின் அறையில் பெரிய ஸ்பிரிங். ஹேண்ட் பிரேக் எடுத்தால் காற்று உள்ளே போய் அந்த ஸ்பிரிங்கை அமுக்கி வைக்கும், காற்று வெளியேறினால் ஸ்பிரிங் வந்து பிரேக்கைப் பிடிக்கும். ஓசூரில் வீல் பிடித்துக்கொண்டது இதனால்தான், காற்று குறைந்ததும் ஸ்பிரிங் தன் வேலையைச் செய்திருக்கிறது. அது கோளாறு இல்லை, அதுதான் பாதுகாப்பு.

இப்போது சத்தம். ஹேண்ட் பிரேக் எடுத்தால் மட்டும் லீக் என்றால் காற்று பின் அறைப் பக்கத்திலிருந்து போகிறது. ஆனால் வெளியே வருவது ரிலே வால்வ் வாயில். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பூஸ்டருக்குள் இரண்டு அறைக்கும் நடுவில் ராடு போகும் இடத்து சீல் தேய்ந்திருக்கிறது. பின் அறைக் காற்று அந்த சீல் வழியாக முன் அறைக்கு வந்து, அங்கிருந்து கால் பிரேக் ஹோஸ் வழியே பின்னோக்கிப் போய் ரிலே வால்வின் அடியில் வெளியேறுகிறது. ரிலே வால்வ் மேல் தப்பே இல்லை, வெறும் வாசல்தான் அது. இந்தக் கோளாறுக்கு ரிலே வால்வை மாற்றிவிட்டு விழிக்கிற வண்டிகள் பட்டறைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.

உறுதி செய்வது சுலபம். சமதளத்தில் முன் வீலுக்கு இரண்டு பக்கமும் கட்டை போடுங்கள். காற்று முழுக்க ஏற்றி, ஹேண்ட் பிரேக் எடுத்து, பெடலில் கால் வைக்காமல், இடது பூஸ்டரின் கால் பிரேக் ஹோஸை மட்டும் கழற்றுங்கள். பூஸ்டர் ஓட்டையிலிருந்து காற்று வந்தால் அந்தப் பூஸ்டரின் சீல் போய்விட்டது. பூஸ்டர் அமைதியாக இருந்து ஹோஸிலிருந்து காற்று வந்தால் அது வலது பூஸ்டரிலிருந்தோ வால்விலிருந்தோ வருகிறது. இடது என்று எதை வைத்துச் சொன்னார் என்று பட்டறைக்காரரிடம் கேளுங்கள், சத்தத்தை வைத்து மட்டும் பக்கம் சொல்ல முடியாது. இந்த சோதனை முடியாமல் பீஸ் வாங்காதீர்கள்.

அடுத்து டம்மி. ஸ்பிரிங்கை லாக் செய்து பின் அறை ஹோஸை மட்டும் அடைத்தால் அந்த வீலுக்குக் கால் பிரேக் இருக்கும், ஹேண்ட் பிரேக் இருக்காது, இது ஒரு வகை. முன் அறையில் ராடைத் தள்ளும் ரப்பர் தகடான டயாஃப்ரம் கிழிந்து கால் பிரேக் ஹோஸையே அடைத்தால் அந்த வீலுக்கு பிரேக்கே கிடையாது, அது வேறு வகை. உங்களுக்குச் சொல்வது முதல் வகை. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் நடு சீல் போன பூஸ்டரில் பெடல் மிதிக்கும்போது முன் அறைக் காற்றும் அதே சீல் வழியாகப் பின் அறைக்குக் கசியும். ஹோஸ் நுனியை மட்டும் அடைத்துப் பூஸ்டர் ஓட்டையைத் திறந்து விட்டால் மிதிக்க மிதிக்கக் காற்று வெளியே போகும். அதையும் அடைத்தால் அந்த வீல் மட்டும் தாமதமாகப் பிடிக்கும். இதில் சிலர் டம்மிகூடப் போடாமல் ஹோஸை மடக்கிக் கம்பியால் கட்டி அனுப்புகிறார்கள், எட்டு கிலோ பிரஷருக்கு அந்தக் கட்டு எங்கே அவிழும் என்று யாருக்கும் தெரியாது.

இரண்டு பக்கமும் லாக் செய்யலாம் என்றது மட்டும் எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கிறது. அப்படிச் செய்தால் உங்கள் வண்டியில் காற்று போனால் பிடிக்க எதுவுமே இல்லை. ஹேண்ட் பிரேக் லிவர் கையில் இருக்கும், அவ்வளவுதான்.

லாக் போல்ட் எதற்கு என்றால், நடுரோட்டில் பிடித்துக்கொண்ட காலி வண்டியை ஓரம் கட்ட, அல்லது மெதுவாகப் பக்கத்துப் பட்டறைக்குக் கொண்டுபோக, அல்லது பூஸ்டரைக் கழற்றும்போது கையைக் காப்பாற்றிக்கொள்ள. லோடு இறக்குவது வரை ஓட்டுவதற்கு இல்லை.

இன்னொன்று, டம்மி போடும் வேலைக்கும் பூஸ்டரையே மாற்றும் வேலைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டு நட்டு, இரண்டு ஹோஸ், ஒரு ஃபோர்க் பின். கிருஷ்ணகிரியில் ஸ்பேர் கடை இருக்கிறது. நிற்கிற இடத்திலேயே மாற்றச் சொல்லுங்கள்.

கரூர்_பத்துவீல்

பட்டறை அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் நடைமுறை என்று ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் டம்மி போட்டு லோடோடு வந்த வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் வந்திருக்கிறேன். முன்னால் இடைவெளி விட்டு, 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் பிரச்சினை இல்லை. வாடகையில் பாதி டீசலுக்கும் டோலுக்கும் போகிறது, மில்லில் லேட் என்று பிடித்தம் செய்தால் ஓனர் டிரைவருக்கு என்ன மிஞ்சும்? தொப்பூரை மட்டும் ராத்திரி டிராஃபிக் குறைந்தபின் இறங்குங்கள். இரண்டு பக்கமும் லாக் செய்ய வேண்டாம், அதில் அவர் சொல்வதுதான் சரி.

மலைப்பாதை_டிரைவர்

கரூர் நண்பரே, பிடித்தம் பற்றிய வருத்தம் எல்லோருக்கும் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் தொப்பூரில் 30-ல் வருவது நம் கையில் இல்லை, அந்த 30-ஐப் பிடித்து வைப்பதே பிரேக்தான்.

ஆறு வீல் வண்டிக்குப் பழைய பாஸிங், அதாவது வண்டியும் லோடும் சேர்த்து அனுமதித்த எடை, 16.2 டன். அதில் முன் ஆக்ஸிலுக்கு 6, பின் ஆக்ஸிலுக்கு 10.2. எடையில் பெரும்பகுதி எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அங்கே இருக்கும் இரண்டு டிரம்மில் ஒன்று தாமதமாகவோ அரைகுறையாகவோ பிடித்தால் மிச்ச வேலை முழுவதும் மற்ற மூன்று டிரம்முக்குப் போகிறது. டிரம் சூடானால் விரியும், விரிந்தால் அதை உரசிப் பிடிக்கும் லைனருக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும், பூஸ்டர் ராடு இன்னும் நீளமாக வெளியே வரவேண்டும். லைனரும் சூட்டில் வழுக்க ஆரம்பிக்கும். டிரைவருக்குத் தெரிவதெல்லாம் பெடலை முழுக்க மிதித்தும் வேகம் குறையவில்லை என்பதுதான். கேஜில் காற்று எட்டு இருக்கும், பிரேக் இருக்காது. இறக்கத்தின் மேல்பாதியில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், அதனால்தான் இத்தனை பேர் ஏமாறுகிறார்கள்.

தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது நம் ஆட்கள் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறார்கள், சிலர் இன்ஜினையே ஆஃப் செய்கிறார்கள். இன்ஜின் ஆஃப் என்றால் கம்ப்ரசரும் நின்றுவிட்டது, டேங்கில் இருப்பதுதான் காற்று. உங்களைப் போல லீக் உள்ள வண்டியில் அதை நினைத்துப் பாருங்கள். ஐடிலிலேயே ஐந்துக்குக் கீழே இறங்குகிறது என்கிறீர்கள், வளைவுக்கு வளைவு மிதித்தால் இன்னும் சீக்கிரம் இறங்கும்.

ராத்திரி இறங்கச் சொன்னதையும் ஏற்க முடியவில்லை. டிராஃபிக் குறைவு என்றால் முன்னால் இருக்கும் வண்டிகள் குறைவு, சரி, ஆனால் ஓரத்தில் இண்டிகேட்டர் இல்லாமல் நிற்கும் வண்டி ராத்திரியில்தான் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கணவாயில் அடிபட்ட கார்களில் இருந்தவர்கள் யாரும் லாரி வாடகையில் பங்கு கேட்டவர்கள் இல்லை.

சங்ககிரித் தம்பி, பூஸ்டர் மாற்றிய பிறகும், இறங்கும் முன் மேலேயே வண்டியை நிறுத்தி டிரம்மைத் தொடாமல் கையைப் பக்கத்தில் கொண்டுபோய் நான்கு வீல் சூட்டையும் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகச் சூடு என்றால் அது இழுக்கிறது, ஒன்று மட்டும் ஜில்லென்று இருந்தால் அது பிடிக்கவே இல்லை. இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், பாதியில் குறைக்கப் போனால் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். பெடலைச் சும்மா தேய்த்துக்கொண்டே வராமல், வேகம் ஏறியதும் ஒருமுறை நன்றாக மிதித்துக் குறைத்து, விட்டுவிடுங்கள்.

பர்மிட்_பேப்பர்

ரிப்பேர் விஷயம் எனக்குத் தெரியாது, பேப்பர் விஷயம் மட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 190. ஆபத்தான கோளாறு இருப்பது தெரிந்தோ, சாதாரணக் கவனத்தில் தெரிந்துகொண்டிருக்கக் கூடிய நிலையிலோ ரோட்டில் ஓட்டினால் 1500 ரூபாய் அபராதம். அந்தக் கோளாறால் விபத்தாகி யாருக்காவது காயமோ பொருள் சேதமோ ஆனால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5000 ரூபாய், அல்லது இரண்டும். ஓட்டியவருக்கு மட்டுமில்லை, ஓட்டவிட்டவருக்கும் அதே பிரிவுதான். சங்ககிரி நண்பர் இரண்டுமே அவர்தான். விபத்துக்குப் பிறகு வண்டியைப் பார்க்க வரும் மோட்டார் வாகன ஆய்வாளர் முதலில் அடியில் குனிந்து பிரேக்கைத்தான் பார்ப்பார், டம்மி நட்டு அங்கேயே இருக்கும். 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல வழியில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியும் அந்த ரிப்போர்ட்டைத்தான் கேட்கும்.

2007 மாடல் என்றால் எட்டு வருடம் தாண்டிய வண்டி, வருடா வருடம் எஃப்சி, அதாவது தகுதிச் சான்று. எஃப்சி கையில் இருப்பதும் இன்றைக்கு பிரேக் நன்றாக இருப்பதும் வேறு வேறு.

ஆறுவீல்_சங்ககிரி

எல்லோருக்கும் நன்றி. சோதனை செய்து பார்த்தாகிவிட்டது. கட்டை போட்டு, இடது ஹோஸைக் கழற்றினோம், பூஸ்டர் ஓட்டையில் காற்று இல்லை, ஹோஸிலிருந்துதான் வந்தது. வலது பக்கம் கழற்றினால் பூஸ்டர் ஓட்டையிலிருந்தே கையைத் தள்ளும் அளவுக்குக் காற்று. ஆக, போனது வலது. இடதுக்கு டம்மி போட்டிருந்தால் லீக்கும் நின்றிருக்காது, நல்ல பூஸ்டரும் சும்மா கிடந்திருக்கும்.

மில்லில் உண்மையைச் சொல்லி ஒருநாள் கேட்டேன், கத்தினார்கள், பிறகு சரி என்றார்கள். ஸ்பேர் கடையில் ஆள் போய்ப் பார்த்துவிட்டு 30 சைஸ் பீஸ் இருக்கிறது, பழையது 24, பெரியதாகப் போட்டால் பிரேக் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்கிறார்கள். ரீகண்டிஷன் என்றால் 24-லேயே இருக்கிறதாம், பாதி விலை. இன்னொரு விஷயம், கழற்றிய ஹோஸிலிருந்து கறுப்பாக, காபி டிகாக்ஷன் மாதிரி எண்ணெயும் தண்ணீரும் கலந்து கொட்டியது. டேங்கைத் திறந்துவிட்டால் அதிலும் அதேதான்.

ஏர்பிரேக்_பட்டறை

நல்ல வேலை செய்தீர்கள் தம்பி.

30 வேண்டவே வேண்டாம். எண் என்பது உள்ளே காற்று அழுத்தும் பரப்பு, சதுர அங்குலக் கணக்கு. ஒரு பக்கம் 24, ஒரு பக்கம் 30 என்றால் அதே காற்றுக்கு வலது வீல் கால் பங்கு அதிக பலத்தோடு பிடிக்கும், மழையில் மிதித்தால் வண்டி குறுக்கே திரும்பும். பழைய பூஸ்டர் உடம்பில் என்ன எண் இருக்கிறதோ அதே எண், ராடு வெளியே வரும் தூரமான ஸ்ட்ரோக்கும் அதே. இரண்டும் ஒரே வயது என்பதால் முடிந்தால் ஜோடியாக மாற்றுங்கள். கையில் காசு இல்லையென்றால் இப்போது வலது, அடுத்த வாடகையில் இடது. ஆனால் ரீகண்டிஷன் ஸ்பிரிங் பூஸ்டர் வாங்காதீர்கள். அதைத் திறந்தது யார், எப்படி மூடினார் என்று வெளியிலிருந்து தெரியாது, உள்ளே அமுங்கி இருப்பது சுமார் ஒரு டன் தள்ளும் ஸ்பிரிங். கிளாம்ப் விட்டால் பக்கத்தில் இருப்பவர் உயிரோடு இருக்கமாட்டார். கழற்றிய பழைய பீஸையும் யாரும் திறந்து பார்க்க வேண்டாம், லாக் போல்ட்டோடு அப்படியே ஒதுக்கி வையுங்கள். புது 24 அங்கே இல்லையென்றால் சேலத்திலிருந்து பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லுங்கள். புதுசு ஒன்றின் விலை ஒரு லாரி டயர் விலையில் பாதிகூட வராது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது ராடு நீளம். புது பூஸ்டரில் ராடு நீளமாக வரும், பழையதோடு வைத்து அளந்து வெட்டித்தான் ஃபோர்க் மாட்ட வேண்டும். பிரேக் பிடித்த நிலையில் ராடும், அது தள்ளும் கையான ஸ்லாக் அட்ஜஸ்டரும் ஏறக்குறைய செங்கோணத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் புதுசு போட்டும் பாதி பலம் வீண். லாக் போல்ட்டை ஏர் கன் வைத்துத் திருகாமல் கை ஸ்பேனரில், காற்று கொடுத்து ஸ்பிரிங் அமுங்கியபின் திருகச் சொல்லுங்கள், லேசாக வரும். வேலை முடிந்ததும் அந்த போல்ட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறக்கக் கூடாது, மறந்தால் அந்த வீலுக்கு ஹேண்ட் பிரேக் இல்லாமலேயே போய்க்கொண்டிருப்பீர்கள். அப்புறம் இரண்டு பக்கமும் ஸ்லாக் அட்ஜஸ்ட் செய்து, ஒருவர் பெடல் மிதிக்க இன்னொருவர் ராடு வெளியே வரும் தூரத்தை அளக்க வேண்டும். 24 சைஸில் அது 45 மில்லிமீட்டர் தாண்டினால் லைனரையோ அதை விரிக்கும் கேமையோ பாருங்கள்.

அந்தக் கறுப்புத் தண்ணீர்தான் சீலைத் தின்றிருக்கிறது. கம்ப்ரசர் ஆயில் தள்ளுகிறது, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஏர் டிரையர் காட்ரிட்ஜும் செத்துப்போயிருக்கும். எண்ணெய் பட்ட ரப்பர் ஊதி மிருதுவாகிக் கிழியும், அதை விட்டுவிட்டுப் பூஸ்டர் மட்டும் மாற்றினால் புது சீலும் அதே வழியில் போகும். இன்றைக்கு எல்லா டேங்கையும் திறந்து காலியாக்குங்கள், ஊருக்குப் போனதும் காட்ரிட்ஜ் மாற்றுங்கள், கம்ப்ரசர் ரிங்கைப் பாருங்கள்.

கிளம்பும் முன் கடைசி சோதனை: கட்டை போட்டு, காற்று முழுக்க ஏற்றி, இன்ஜின் ஆஃப், ஹேண்ட் பிரேக் எடுத்துக் கேஜைப் பாருங்கள். அமெரிக்காவில் கனரக லைசென்ஸ் தேர்வில் கேட்கும் கணக்கு, தனி லாரிக்கு ஒரு நிமிடத்தில் 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது, பெடலை மிதித்துப் பிடித்தால் 3. நம் கேஜில் அது முறையே சுமார் 0.14, 0.2 கிலோ, முள் அசைந்ததே தெரியாத அளவு. கண்ணுக்குத் தெரிந்து இறங்கினால் சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு மறுபடியும் அடியில் படுக்க வேண்டியதுதான்.

ஆறுவீல்_சங்ககிரி

24 புதுசு ஒரு ஜோடி சேலத்திலிருந்து வருகிறது, சாயங்காலம் பஸ்ஸில் வந்துவிடும். இரண்டையுமே மாற்றிவிடுகிறேன். டேங்க் மூன்றையும் திறந்துவிட்டாகிவிட்டது. ராடு அளவு எடுக்கப் பழைய இரண்டையும் மாட்டியபடியே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். மாட்டி முடித்துக் கேஜ் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.